முதல் தளம் என்று எழுதினேன்

மலையில் தேயிலைத் தோட்டம் மூடப்போகிறது, எல்லோரும் கீழே இறங்கத்தான் வேண்டும் என்று ஆன பிறகு, திருநெல்வேலியில் அரசு அடுக்குமாடிக் குடியிருப்பில் வீடு தருவதாகச் சொன்னார்கள். தச்சநல்லூரைத் தாண்டி இடம். தரையோடு சேர்த்து நாலு அடுக்கு, லிஃப்ட் கிடையாது. விண்ணப்பத் தாள்கள் வந்தன. எங்கள் லயனில், அதாவது சுவரோடு சுவர் ஒட்டி வரிசையாகக் கட்டிய தோட்டத்து வீடுகளில், மற்றவர்களுக்கு எழுதிக்கொடுக்கப் பிள்ளைகள் இருந்தார்கள். நான் இரண்டு தாள்களை நிரப்பினேன். ஒன்று எங்களுடையது, இன்னொன்று பக்கத்து வீட்டு அக்காவுடையது.

என் வீட்டுக்காரருக்கு இரண்டு கால்களும் வராது. நிழல்மரத்தில் கிளை கழிக்க ஏறி விழுந்தவர். சக்கரம் வைத்த பலகையில் உட்கார்ந்து கையால் தரையைத் தள்ளித்தான் போவார். லயனில் அது போதுமாக இருந்தது. வாசலைத் தாண்டினால் சமதரை. டீக்கடை வரைக்கும் போய் நாலு பேரிடம் வம்பளந்துவிட்டு, எனக்கு ஒரு வடையும் வாங்கிக்கொண்டு வருவார். மாடி வீடு என்று கேட்ட அன்றைக்கே அவர் முகம் செத்துவிட்டது.

"மேல கொண்டு வச்சாங்கன்னா நான் எறங்கப்போறது ஒரே ஒரு தடவதாம்ளா," என்றார்.

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். அன்றிலிருந்து எந்த வேலை செய்தாலும், நாலு பேர் அவரைத் தூக்கிக்கொண்டு படியிறங்குவதுதான் கண்ணுக்குள் வந்தது. நான் பிறவிப் பயந்தாங்கொள்ளி. அட்டைக்கும் பயம், ஆனைக்கும் பயம், ஆபீசருக்கும் பயம். ஆனால் அந்தப் பயம் வேறு மாதிரி. சோறு இறங்கவில்லை.

அக்காவுக்கு இளைப்பு. புருஷன் போய்ச் சேர்ந்தாயிற்று. மகள் கேரளாவில் வாழ்க்கைப்பட்டு இருக்கிறாள். பத்து எட்டு வைத்தால் இடுப்பில் கை வைத்து நின்றுவிடுவாள். என் வீட்டுக்காரர் விழுந்த அன்று நான் தூரத்துத் தேயிலைக் காட்டில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தேன். அந்த இளைப்போடு மேட்டில் ஓடி, ஆள் கூட்டி வந்து, அவரை ஜீப்பில் ஏற்றியது அக்காதான். அவள் ஓடியிருக்காவிட்டால் நான் தாலியைக் கழற்றியிருப்பேன்.

தாளில் ஒரு கட்டம் இருந்தது. வீட்டில் நோயாளியோ மாற்றுத்திறனாளியோ இருந்தால் விரும்பும் தளம் எது என்று. இரண்டு தாளிலும் அழுத்தம் திருத்தமாக "முதல் தளம்" என்று எழுதினேன். வேறென்ன எழுதுவேன்? மலையில் எல்லாமே ஒன்றிலிருந்துதான். ஒண்ணாம் லயன், ஒண்ணாம் நம்பர் காடு. ஒருத்தர் தலைக்கு மேல் இன்னொருத்தர் குடியிருந்து நாங்கள் கண்டதில்லை. மண்ணில் நிற்பதுதானே முதல்?

சில வாரம் கழித்து, சான்றிதழ்களைச் சரிபார்க்க வரச்சொன்னார்கள். அக்கா தன்னுடையதையும் என்னிடமே கொடுத்துவிட்டாள். காலை பஸ் பிடித்து, மணிமுத்தாறு செக்போஸ்ட் தாண்டி, மாறி மாறி ஏறி, குடியிருப்புக்குப் போய்ச் சேர்ந்தேன். ஆபீஸ் இன்னும் திறக்கவில்லை. சரி, வீட்டைப் பார்ப்போம் என்று முதல் கட்டடத்துக்குள் நுழைந்தேன். படிக்கட்டுப் பக்கத்துச் சுவரில் பெயின்டில் எழுதியிருந்தது: தரைத்தளம்.

அப்போதும் எனக்கு உறைக்கவில்லை. ஏறினேன். ஒரு திருப்பம், மறுபடியும் படி. மேலே சுவரில் எழுதியிருந்தது: முதல் தளம்.

கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். கீழே எட்டிப் பார்த்தால் தலை சுற்றியது. வேறு யாரும் செய்யவில்லை, நானே என் கையால் எழுதிக் கேட்டு வாங்கியிருக்கிறேன். வாய்விட்டு "ஐயோ, பாவி" என்றேன். அந்தக் காலிக் கட்டடம் என் சத்தத்தை எனக்கே திருப்பித் தந்தது.

ஆபீஸில் இருந்தது சின்ன வயசுப் பெண். பொறுமையாகக் கேட்டாள். தாளைத் தேடி எடுத்தாள்.

"நீங்க கேட்டதத்தானேம்மா போட்டிருக்கு? கீழ் வீடுல்லாம் அநேகமா ஒதுக்கியாச்சு."

நான் அழுதுவிட்டேன். கூச்சமே இல்லாமல், தரையில் உட்கார்ந்து அழுதேன். எழுந்திருக்கச் சொல்லி, தண்ணீர் கொடுத்து, கம்ப்யூட்டரில் தேடிப் பார்த்தாள்.

"ஒரே ஒரு வீடு பாக்கி இருக்கு. ஒங்களுக்கு மாத்திரலாம். இதே மாதிரி தப்பா எழுதினவங்க வேற யாரும் இருக்காங்களாம்மா? இருந்தா இப்பமே சொல்லிருங்க. டாக்டர் சர்ட்டிபிகேட்ட வச்சுப் பாத்து, யாருக்குன்னு பெரியவங்க முடிவு பண்ணுவாங்க."

அக்காவின் ரேஷன் கார்டு நகல் என் மடியில் இருந்தது.

"இல்ல," என்றேன்.

அவ்வளவுதான். மனு எழுதச் சொன்னாள். இந்தத் தடவை "தரைத்தளம்" என்று எழுதினேன். அக்காவின் நகல்களையும் கொடுத்து, கையெழுத்து வைக்கச் சொன்ன இடத்தில் வைத்துவிட்டு வந்தேன். பஸ்ஸில் ஒருமுறைகூடக் கண்ணை மூட முடியவில்லை. மூடினால் படிக்கட்டில் அக்கா இடுப்பில் கை வைத்து நின்றாள்.

வீட்டுக்காரரிடம் கீழ் வீடு கிடைத்துவிட்டது என்றேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். பிறகு கேட்டார், "அக்காவுக்கும் கீழதானளா?"

"அவங்களுக்கு என்ன வருதோ, நான் என்னத்தக் கண்டேன்?" என்று எரிந்து விழுந்தேன். அவர் பிடித்திருந்த என் கையை விட்டார்.

இப்போது நாங்கள் தரைத்தளம். அதே கட்டடத்தில் அக்கா முதல் தளம். என் வீட்டுக்காரர் பலகையைத் தள்ளிக்கொண்டு கட்டட வாசலில் போய் உட்கார்ந்து, புதிய ஆட்களிடம் பழைய வம்பு பேசுகிறார். அதைப் பார்க்க எனக்குச் சந்தோஷம்தான், பொய் சொல்லவில்லை. ஆனால் படிக்கட்டு எங்கள் சுவரை ஒட்டித்தான் போகிறது. அக்கா ஏறும்போது செருப்புச் சத்தம் கேட்கும். நடுவில் நிற்கும். அது மறுபடி கேட்கும் வரை என் கைவேலையும் அப்படியே நிற்கும். அந்தப் பெண்ணிடம் போய் உண்மையைச் சொல்லிவிடலாம் என்று இரண்டு தடவை ஆபீஸ் வாசல் வரை போனேன். சொன்னால் எங்கள் வீட்டைத் திருப்பிக் கேட்பார்களோ என்று திரும்பி வந்தேன்.

போன வாரம் மத்தியானம் அக்கா ரேஷன் அரிசியோடு வந்து, ஏறுமுன் எங்கள் வாசலில் உட்கார்ந்தாள். மூச்சு விசில் மாதிரி வந்தது. தண்ணீர் கொடுத்தேன். குடித்துவிட்டு என் கன்னத்தைத் தடவினாள்.

"மாடி வந்தது என் தலையெழுத்துட்டி, அதுக்கு யாரு என்ன செய்ய முடியும்? நீ எழுதிக் குடுத்ததாலதான் எனக்கு வீடுன்னு ஒண்ணு கெடச்சுது. நீ நல்லா இருப்ப."

என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். சொல்லிவிடத்தான் வாயெடுத்தேன். சத்தியமாக, சொல்லிவிடத்தான்.

"பைய ஏறுங்கக்கா," என்றுதான் வந்தது.