கொண்டைக்கிளிக்குத் தினை பழக்கியது

களி உருண்டையை மெல்லக் கூடாது. குழம்பில் ஒரு புரட்டுப் புரட்டி அப்படியே விழுங்க வேண்டும். என் மாமனார் விழுங்குவதைப் பார்ப்பதற்கென்றே சில லாரி டிரைவர்கள் அவருக்கு எதிரில் இலை போடச் சொல்வார்கள். அன்று மதியம் இரண்டாவது உருண்டை உள்ளே போனதும் அவர் கை இலையிலேயே நின்றுவிட்டது. நெஞ்சைத் தடவிக்கொண்டார். தண்ணீர் குடித்தார். குடித்த தண்ணீர் மூக்கு வழியாகத் திரும்பி வந்தது. "ஒன்னுமில்ல, அவசரத்துல போட்டுட்டேன்" என்று சிரித்தார். யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. நான் கல்யாணமாகி அந்த வீட்டுக்கு வந்த முதல் வருஷம் அது. அறுபதுகளின் கடைசி.

குருபரப்பள்ளியில் ரோட்டோரமாக எங்கள் சாப்பாட்டுக் கடை இருந்தது. முன்னால் கடை, பின்னால் வீடு. பெங்களூரிலிருந்து சேலம் போகும் லாரிகள் நிற்கும். கன்னடக்கார டிரைவர்கள் இறங்கும்போதே மாமா உள்ளேயிருந்து "ஊட்டா ஆயித்தா?" என்று குரல் கொடுப்பார். சாப்பிட்டாயா என்று கேட்பதுதான் அவருக்கு வணக்கம். சாப்பிட உட்காரும் முன் சிலுவை அடையாளம் போட்டு ஒரு நிமிஷம் கண்ணை மூடுவார். பிறகு அவரிடம் பேச்சே கிடையாது.

களியில் தொடங்கியது சோற்றுக்கு வந்தது. குழைந்த சோறும் நின்ற பிறகு என் வீட்டுக்காரர் தன் லாரியிலேயே அவரைப் பெங்களூருக்குக் கூட்டிப்போனார். உணவுக்குழாயில் புற்று என்றார்கள். கட்டியைக் கரைக்க ரேடியம் வைத்தார்கள். மாமா பாதி ஆளாகத் திரும்பினார். மடியில் ஒரு செருப்பு அட்டைப்பெட்டி. அதற்குள் பழைய துணி, துணிக்குள் முள்முள்ளாக இறகு முளைத்த ஒரு குஞ்சு. ஆஸ்பத்திரியில் பக்கத்துக் கட்டிலில் ரயில்வே கார்டாக இருந்த ஓர் ஆங்கிலோ இந்தியக் கிழவர் படுத்திருந்தாராம். வீட்டில் வளர்த்த பறவைகளை அவரது மகள் விற்றுக்கொண்டிருந்தாள். தாய் ஊட்டாமல் விட்ட இந்தக் குஞ்சை மட்டும் வாங்க ஆளில்லை. காக்கடீல் என்று பெயர் சொல்லிக் கிழவர் அதை மாமாவிடம் கொடுத்திருக்கிறார். எங்கள் வாயில் அது நுழையவில்லை. தலையில் மஞ்சளாகக் கொண்டை எழும்பியதும் கொண்டைக்கிளி என்று ஆகிவிட்டது.

கேழ்வரகு மாவும் பொட்டுக்கடலை மாவும் பால் பவுடரும் கலந்து கூழ் காய்ச்சுவேன். விளிம்பை உள்ளே வளைத்த ஒரு டீக்கரண்டி இருந்தது. கூழை முதலில் உதட்டில் வைத்துச் சூடு பார்ப்பார் மாமா. சூடு கூடினால் தொண்டை வெந்துபோகும், ஆறினால் உள்ளே புளித்துப்போகும் என்பார். குஞ்சு தலையை மேலும் கீழும் ஆட்டிக்கொண்டு கரகரவென்று கத்தியபடி கரண்டியைக் கவ்வும். அதன் கழுத்தடியில் இருக்கும் பை மெல்ல உப்பும். அதை விரலால் தொட்டுப் பார்த்து நிறுத்துவார். மீதிக் கூழில் தண்ணீர் விட்டு நீர்க்க ஆக்கி அவருக்குக் கொடுப்பேன். அவரால் அதிலும் பாதிதான் முடியும். குஞ்சுக்கு நாளுக்கு நாள் கெட்டியாகக் காய்ச்சினேன். அவருக்கு நாளுக்கு நாள் நீர்க்கக் காய்ச்சினேன்.

இறகு நிறைந்து குஞ்சு அறைக்குள் பறக்கத் தொடங்கியும் கரண்டியைத் தவிர வேறெதிலும் வாய் வைக்கவில்லை. அதுதான் மாமாவை அரித்தது. "நான் போயிட்டா இது பட்டினிலயே செத்துரும்மா" என்றார் ஒரு நாள். அதன் பிறகு அவருக்கு வேறு வேலையே இல்லை. தாம்பாளத்தில் தினையையும் சாமையையும் பரப்பி வைத்தார். முளைகட்டிய பயறு, பிஞ்சுக் கேழ்வரகுக் கதிர் என்று ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தார். ஆள்காட்டி விரலால் தானியத்தைக் கொத்திக் கொத்திக் காட்டுவார். குஞ்சு அவர் விரலையே பார்த்துக்கொண்டிருக்கும், பிறகு அவர் வாயைப் பார்த்துத் தலையை ஆட்டும்.

"ரெண்டு நாள் பட்டினி போடுங்க, தன்னால திங்கும்" என்றார் அத்தை, என் மாமியார்.

"பசிச்சா கத்துக்காது. பயந்துக்கும். எனக்குத் தெரியும்."

குஞ்சு பயறை மட்டும் உருட்டி விளையாடியது. எடை குறைந்து நெஞ்செலும்பு விரலில் பட்டது. மாமாவின் விலாவும் சட்டைக்கு மேலாகவே தெரிந்தது.

அடுத்த முறை பெங்களூரில் டாக்டர் வேறு வழியில்லை என்றார். வயிற்றில் துளை போட்டுக் குழாய் வைத்து அதன் வழியாகக் கஞ்சி ஊற்ற வேண்டும். மாமா மாட்டேன் என்று திரும்பி வந்துவிட்டார். "ஊருக்கே சோறு போட்டவன் நான். எனக்குப் புனல் வச்சு ஊத்துறதா?" அத்தை அழுதார், சண்டை போட்டார், பங்குச் சாமியாரைக் கூட்டிவந்து சொல்லச் சொன்னார். ஒன்றும் நடக்கவில்லை. ஒரு காலையில் அத்தை அந்த வளைத்த கரண்டியை எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டார்.

"குடு" என்றார் மாமா.

"மாட்டேன். நீங்க சாவுறத நான் பாக்கணும்னா, அது சாவுறத நீங்க பாருங்க."

குஞ்சு கூண்டுக்கம்பியைக் கவ்விக்கொண்டு கத்தியது. அவ்வளவு சின்ன உடம்பிலிருந்து அப்படி ஒரு சத்தம் வரும் என்று நான் நினைத்ததில்லை. கடையில் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். மாமா சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். வெயில் ஏறும் வரை உட்கார்ந்திருந்தார். பிறகு, "வண்டி எப்ப வருதுன்னு பையனக் கேளு, பெங்களூர் போலாம்" என்றார். அத்தை முடிச்சைப் பிடித்து இழுத்தார். அது இன்னும் இறுகியது. நான்தான் அவிழ்த்துக் கொடுத்தேன்.

அவர் ஆஸ்பத்திரியில் இருந்த நாட்களில் கிளி என் பொறுப்பு. சாயங்காலம் மட்டும் கரண்டி கொடு, வெறும் வயிற்றோடு தூங்க விடாதே, காலையில் தானியம் வை என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். சொன்னபடியே செய்தேன். ஒரு காலையில் கடைக்கு அரிசி களைந்துகொண்டிருந்தபோது பின்னால் டிக் டிக் என்று சின்னச் சத்தம். திரும்பினால் தாம்பாளத்தின் நடுவில் நின்று தினையை உடைத்துக்கொண்டிருந்தது. உமி மூக்கில் ஒட்டியிருந்தது. நான் அரிசியில் விட்ட கையை எடுக்கவில்லை. அன்று சாயங்காலம் கரண்டியை நீட்டினேன். இரண்டு வாய் வாங்கிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது.

மாமா வயிற்றில் ரப்பர் குழாயோடு வந்தார். வந்ததும் கூண்டுக்குப் பக்கத்தில் பாய் விரிக்கச் சொல்லிப் படுத்துக்கொண்டு, அது தின்பதைப் பார்த்தார். கையை நீட்டிக் கூப்பிட்டார். அது வரவில்லை. கொண்டையைப் படுக்கவைத்துக்கொண்டு தின்பதிலேயே இருந்தது. எனக்குச் சங்கடமாக இருந்தது. "மறந்துடுச்சு மாமா" என்றேன்.

"மறக்கட்டும். அதுக்குத்தான இவ்ளோ பாடு" என்றார்.

அத்தை புனலைப் பிடித்துக்கொண்டு கஞ்சி ஊற்றுவார். ஊற்றும்போது மாமா வேறு பக்கம் பார்த்துக்கொள்வார். உயிர் தங்கியதே தவிர ருசி இல்லை. சில மதியங்களில் ஒரு கிண்ணத்தில் களியும் கறிக்குழம்பும் கேட்பார். சிலுவை அடையாளம் போடுவார். வாயில் வைத்து அடக்கிக்கொண்டிருந்துவிட்டுப் பேசினில் துப்புவார். நான் பேசினை எடுத்துக்கொண்டு பின்பக்கமாகப் போய்விடுவேன். வாசலில் பழைய டிரைவர்கள், விஷயம் தெரியாதவர்கள், அவர் பழக்கிய பழக்கத்தில் "ஊட்டா ஆயித்தா?" என்று உள்ளே பார்த்துக் கத்துவார்கள். "ஆயித்து, ஆயித்து" என்று அவரும் தன்னால் முடிந்த அளவு குரல் கொடுப்பார்.

ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலத்தில் மோசமாகிவிட்டது. சாமியார் வந்து நற்கருணை அப்பத்தில் ஒரு துணுக்கைக் கிள்ளித் தண்ணீரில் விட்டுக் கரண்டியால் கொடுத்தார். அதையும் விழுங்க முடியவில்லை. நெடுநேரம் நாக்கிலேயே வைத்திருந்தார். அது தானாகக் கரைந்தது. மறுநாள் பொழுது விடியும்போது உயிர் போனது.

சாவு வீட்டுக் கூட்டத்தில் கூண்டைச் சமையல்கட்டு மூலைக்கு மாற்றியிருந்தார்கள். கல்லறையிலிருந்து ஆண்கள் திரும்பி, உறவுகளும் போன பிறகுதான் அந்தச் சத்தத்தைக் கவனித்தேன். தினை அப்படியே இருந்தது. மாதக்கணக்காகத் தானே தின்றுகொண்டிருந்த கிளி, குஞ்சாக இருந்தபோது செய்தது போலத் தலையை ஆட்டி ஆட்டிக் கரகரவென்று கத்திக்கொண்டிருந்தது. நான் தானியத்தை மாற்றி வைத்தேன். அதைப் பார்க்கவே இல்லை.

அத்தை எழுந்து வந்தார். அந்தக் கிளியை அவர் ஒரு நாளும் தொட்டதில்லை. அடுப்பை மூட்டினார். மாவைக் கரைத்துக் காய்ச்சினார். கரண்டி எங்கே என்று கையால் கேட்டார், எடுத்துக் கொடுத்தேன். கூண்டுக்கு முன்னால் கால் நீட்டி உட்கார்ந்து, சூடு பார்க்கக் கூழை உதட்டில் வைத்துக்கொண்டார். அன்று முழுக்க அவர் வாயில் பட்டது அவ்வளவுதான்.