குளிர்பெட்டி மேனேஜர்

நெஞ்சை நிமிர்த்தி நட, எதிராளியின் கண்ணைப் பார், கையை அழுத்திக் குலுக்கு, விடைபெறும்போது சிரி. புது வேலையில் காலூன்ற இவ்வளவு போதும் என்று செல்போனில் எவனோ கோட்டு போட்டவன் சொன்னதை அப்படியே விழுங்கிவிட்டு சிவபாலன் வேலைக்குச் சேர்ந்தான். சேர்ந்த இடம்தான் கொஞ்சம் வம்பு. காரைக்காலில் திரிபுரசுந்தரி அம்மாள் நடத்தும் வாடகைக் கடை. சாமியானா, நாற்காலி, பிணத்தை வைக்கும் குளிர்பெட்டி எல்லாம் அங்கே கிடைக்கும். பெட்டி எடுக்க வருகிறவனின் கையை எவனாவது குலுக்குவானா?

இவன் குலுக்கினான். முதல் வாரமே, தகப்பனைப் பறிகொடுத்து நின்ற ஒருவரின் கையைப் பிடித்து ஆட்டி, பல் முப்பத்திரண்டும் தெரிய, "எங்க சர்வீஸ் புடிச்சிருந்தா மறுபடியும் கூப்புடுங்க சார், போயிட்டு வர்றேன்" என்றான். சாவு வீட்டிலிருந்து சொல்லிக்கொள்ளாமல்தான் கிளம்ப வேண்டும் என்பது பச்சைப் பிள்ளைக்கும் தெரியும். பங்காளிகள் அடிக்கப் பாய்ந்தார்கள். வேன் ஓட்டும் கருப்பையன்தான் அவனை இழுத்து வண்டிக்குள் தள்ளிக் காப்பாற்றினார்.

"வாயத் தச்சுக்கிட்டு வேலையப் பாருங்க தம்பி. இந்தத் தொழிலுக்குச் சிரிப்பு தேவையில்ல" என்றாள் திரிபுரசுந்தரி.

வேறு யாராக இருந்தாலும் வெட்கப்பட்டிருப்பார்கள். சிவபாலனுக்குத் தன்னம்பிக்கைதான் கூடியது. பி.பி.ஏ. படித்தவனின் அருமை இந்த ஊருக்குத் தெரியவில்லை என்று முடிவு கட்டினான். 'மேனேஜர், கோல்ட் செயின் லாஜிஸ்டிக்ஸ்' என்று, குளிரூட்டிய சரக்கை அனுப்பும் கம்பெனிக்காரன் போல, அட்டை அடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான். எங்கே வேலை என்று கேட்டவர்களுக்குக் கீழவாஞ்சூர் துறைமுகம் இருக்கும் திசையில் கையை வீசிக் காட்டினான். மீன் ஏற்றுமதியோ என்னவோ என்று அவர்களாக நினைத்துக்கொண்டால் அதற்கு அவனா பொறுப்பு?

தொழில் அவனுக்கு வராமல் இல்லை, அதையும் சொல்லத்தான் வேண்டும். பெட்டியை இறக்குவது, கழுவுவது, கிராமத்துக் கரன்டுக்கு ஏற்றபடி ஓட்டுவது எல்லாவற்றையும் கருப்பையன் காட்டிக் கொடுத்தார், இவனும் கற்றுக்கொண்டான். கரன்ட் போய்த் திரும்பினால் ஸ்டெபிலைசரின் பின்பக்கம் இருக்கும் சிவப்புப் பொத்தானை அமுக்கிவிட வேண்டும். மறந்தால் பெட்டியைச் சுற்றியுள்ள கலர் விளக்குகள் மட்டும் எரியும், உள்ளே குளிர் ஏறாது. கை வேலையைக் கற்றது, தலை மட்டும் அட்டையிலேயே நின்றது.

அந்த அட்டையை நம்பித்தான் கல்யாணமும் இருந்தது. நெடுங்காட்டு அம்பலவாணன் நிலபுலன் உள்ளவர். அவருடைய மகள் பிரதீபா பள்ளிக்கூடத்து டீச்சர். பூ வைத்தாகிவிட்டது, வைகாசியில் முகூர்த்தம். பெண்ணைப் பார்த்த நாளிலிருந்து இவனுக்குச் சோறு இறங்கவில்லை. தாலி கட்டும் வரைக்கும் பெட்டி விஷயம் வெளியே வராமல் இருந்தால் போதும் என்று வேண்டாத தெய்வமில்லை.

தெய்வம் வேறு கணக்குப் போட்டது. சித்திரை வெயிலில் அம்பலவாணனின் அண்ணன் செத்துப்போனார். மகன் பிரான்சிலிருந்து வந்து சேரும் வரை உடலை வைத்திருக்க வேண்டும். பெட்டி கேட்டு போன் வந்தது திரிபுரசுந்தரியின் கடைக்கு.

சிவபாலன் மூளையைக் கசக்கினான். கருப்பையனை முதலில் பெட்டியோடு அனுப்பிவிட்டு, தான் வெள்ளை வேட்டியும் ரோஜா மாலையுமாகப் பின்னால் போய், மாப்பிள்ளை முறையில் மாலையைப் போட்டான். சாமியானா நிழலில் நாற்காலி போட்டு உட்கார வைத்தார்கள். கருப்பையனை முன்பின் பார்த்திராதவன் போல அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டதுதான் பெரிய கூத்து. அவர் பெட்டியை ஓடவிட்டு, இன்னொரு வேலைக்காகக் கிளிஞ்சல்மேட்டுக்குப் போய்விட்டார்.

உச்சி வெயிலில் கரன்ட் போனது. கொஞ்ச நேரத்தில் வந்தது. கலர் விளக்குகள் எரிந்தன, எல்லோரும் அப்பாடா என்றார்கள். பெட்டியின் இரைச்சல் மட்டும் திரும்பவில்லை. அத்தனை பேரிலும் அது என்னவென்று தெரிந்தவன் சிவபாலன் ஒருவன்தான். எழுந்து நாலு எட்டு வைத்தால் பொத்தான். எழுந்தால் குட்டு உடைந்துவிடும். நெஞ்சை நிமிர்த்தச் சொல்லிக் கொடுத்தவன் இதற்கு ஒரு வழியும் சொல்லியிருக்கவில்லை. மாப்பிள்ளை மெல்ல நழுவி, வைக்கோல் போருக்குப் பின்னால் நின்று கருப்பையனுக்குப் போன் போட்டான்.

"பொட்டி நின்னுடுச்சுண்ணே, ஓடியாங்க!"

"நீங்க அங்கதான நிக்கிறீங்க? பொத்தான அமுக்குங்க."

"நான் சம்பந்தி வூட்டு ஆளா வந்துருக்கேன். எப்புடிண்ணே அமுக்குறது?"

"அட கேடுகெட்டவனே!" என்று கருப்பையன் போனை வைத்துவிட்டார். அவ்வளவு காலமும் மரியாதை குறையாமல் பேசிய மனுஷன்.

சிவபாலன் திரும்பி வந்து உட்கார்ந்தான். கையைக் கட்டிக்கொண்டு, துக்கத்தில் கரைவது போலத் தலையைக் குனிந்துகொண்டான். பெட்டிக் கண்ணாடியில் முத்து முத்தாய் நீர் கோத்து வழிந்தது. பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். செத்தவரின் மனைவி முந்தானையால் கண்ணாடியைத் துடைத்தபடியே, "இவருக்கு வேக்குதே, யாராச்சும் பாருங்களேன்" என்று அழுதாள். அதைக் கேட்டுக்கொண்டும் உட்கார்ந்திருந்தான் பாவி. பொறுக்க முடியாமல் போனபோதுகூடப் பெட்டிப் பக்கம் போகவில்லை, மறுபடியும் வைக்கோல் போருக்குத்தான் போனான். கருப்பையன் எடுக்கவில்லை. போனைக் காதிலிருந்து எடுத்துவிட்டுத் திரும்பினால் பிரதீபா நின்றிருந்தாள். அழுது சிவந்த கண்.

"யாருக்குப் பண்றீங்க?"

"ஆபீஸுக்கு... ஒரு லோடு வெசயமா..."

"எங்க பெரியப்பாவா லோடு?"

அவன் அவசரமாகப் போனை இடுப்பில் செருகிக்கொண்டான்.

"பூ வைக்கிறதுக்கு முன்னாடியே அப்பா ஒங்க கடைக்கு வந்து விசாரிச்சாங்க. வாய்தான் கொஞ்சம் நீளம், வேலைய ஒழுங்காக் கத்துக்கிட்டான்னு அந்தம்மா சொன்னாங்களாம். சாவு வூட்டு வேலைய மொகஞ்சுளிக்காம செய்யிற புள்ள தங்கமாத்தான் இருக்கும்னு வந்து சொன்னாங்க. அதுக்காகத்தான் நானும் சரின்னேன்" என்றாள். "போயி பொட்டிய ஓட வையுங்க. மத்ததெல்லாம் அப்பா சொல்லியனுப்புவாங்க" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போனாள்.

வெள்ளை வேட்டியோடு வாசலைக் கடந்து பெட்டியை நோக்கி நடந்தான் சிவபாலன். ஊரே வாயைப் பிளக்கப்போகிறது என்று அவன் எதிர்பார்த்தான். ஒருவரும் பிளக்கவில்லை. ஓரத்தில் இருந்த ஒரு பெரியவர் நாற்காலியை நகர்த்திக்கொண்டு, "தள்ளுங்கப்பா, பொட்டிக்காரத் தம்பிக்கு இப்பத்தான் எந்திரிக்கத் தோணியிருக்கு" என்றார். அவன் மண்டியிட்டுப் பொத்தானை அமுக்கினான். பெட்டி இரைந்தது. தலைமாட்டில் உட்கார்ந்திருந்த அம்பலவாணன் அவன் பக்கம் திரும்பாமல், தோளில் கிடந்த துண்டை எடுத்து அண்ணனின் முகத்துக்கு நேரே இருந்த ஈரத்தைத் துடைத்தார்.