ஓம் என்று சொன்ன நடுவர்

என் கணவர் கிறிஸ்துராஜா கால்பந்து நடுவர். சனிக்கிழமை என்றால் மைதானம் முழுக்க அவரைத் திட்டும். திட்டு வாங்கப் போகிற மனிசன் முதல் நாளே சட்டையை அயன் பண்ணி மாட்டிவிட்டுத்தான் படுப்பார். பார்க்க எனக்கு எரிச்சல் எரிச்சலாக வரும்.

பள்ளிக்கூடத்துப் பெடியனாக இருக்கும்போதே லண்டனில் குட்மேய்ஸில் சின்னப் பிள்ளைகளின் ஆட்டத்துக்கு விசில் ஊதத் தொடங்கியவர். படிப்படியாக ஏறி, சம்பளத்துக்கு விளையாடுகிற கிளப்புகள் வரை வந்துவிட்டார். கிழமை நாட்களில் கவுன்சில் வேலை, பின்னேரம் ஓட்டப் பயிற்சி. என் தங்கையின் கல்யாணத்துக்குத் தாலி ஏறிய பிறகுதான் வந்து சேர்ந்தார், அதுவும் காதோரம் சேற்றோடு.

அவருக்கு வேண்டியது ஒன்றுதான்: முழுநேர நடுவராக வேண்டும். வயது நாற்பதை நெருங்குகிறது. இந்தச் சீசனில் மேலே எடுக்காவிட்டால் இனி எடுக்க மாட்டார்கள். அந்தப் பயத்தில் மனிசனுக்குச் சாப்பாடு இறங்கவில்லை, நித்திரையும் இல்லை. என்னவென்று கேட்டால் என்மேல் பாய்ந்தார்.

சீசனின் கடைசி ஆட்டம் ஹவுன்ஸ்லோப் பக்கம் நடந்தது. அவருக்குப் புள்ளி போட ஒரு பழைய நடுவர் வந்து உட்கார்ந்திருந்தார். வேண்டாம் என்று சொல்லச் சொல்ல நானும் போனேன்.

உள்ளூர் அணியில் விதுசன் என்றொரு தமிழ்ப் பெடியன். பெனால்டி எல்லைக்குள் பந்தோடு ஓடியவனின் காலை எதிரணிக்காரன் தட்டிவிட்டான். விழுந்த பெடியன் என் மனிசனைப் பார்த்துக் கத்தினான்.

"அண்ணை! பெனால்டியெல்லோ?"

"ஓம்," என்றார் இவர். பிறகுதான் விசில் ஊதினார்.

ஐயோ, கடவுளே! ஆங்கிலத்தில் யார் என்ன கத்தினாலும் வாயே திறக்காத ஆள். தமிழில் கேட்டதும் வாய் தன்பாட்டில் ஆமாம் என்று பதில் சொல்லிவிட்டது. பெனால்டி நூற்றுக்கு நூறு சரி. ஆனால் அதை யார் கேட்டார்கள்? எதிரணி அவரைச் சுற்றி வளைத்துக்கொண்டது. அவன் உன் சொந்தக்காரனா என்று ஒருவன் முகத்துக்கு நேரே கேட்டான். "கசின்! கசின்!" என்று கூட்டம் கூவத் தொடங்கியது. அவர் முகம் வெளிறியது நான் இருந்த இடத்துக்கே தெரிந்தது. எழும்பிப் போய் அவர்கள் வாயைப் பொத்த வேண்டும் போலிருந்தது.

இரண்டாம் பாதியில் விதுசனை அதே எல்லைக்குள் ஒருவன் பின்னாலிருந்து உதைத்து விழுத்தினான். இவர் பக்கத்திலேயே நின்றார். விசில் வாயில் இருந்தது. ஊதவில்லை. விளையாடுங்கள் என்று கையைக் காட்டினார். பெடியன் கணுக்காலைப் பிடித்துக்கொண்டு புல்லில் உருண்டான். இவர் அந்தப் பக்கம் திரும்பாமலே ஓடினார்.

"ஊதுங்கோவன்! விசரே உங்களுக்கு?" என்று கத்திவிட்டேன். அந்தக் கூச்சலில் யாருக்குக் கேட்டிருக்கும்?

ஆட்டம் முடிந்து காரில் ஏறியவர் வண்டியை எடுக்கவில்லை.

"முதல் பெனால்டி நல்ல முடிவாம், புள்ளி போட வந்தவர் சொன்னவர்," என்றார்.

"அப்ப என்ன பிரச்சினை?"

"ரெண்டாவதை ஏன் குடுக்கேல்லை எண்டு கேட்டவர். எல்லாம் முடிஞ்சுது. இனி என்னை எடுக்க மாட்டினம்."

"ஆள் மறைச்சுப் போச்சு, தெரியேல்லை எண்டு சொல்லியிருக்கலாமே?"

"அப்பிடித்தான் சொன்னனான்."

ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டு விம்மினார். கலியாணம் கட்டிய நாளிலிருந்து அவர் அழுது நான் பார்த்ததில்லை.

"ஆனா நான் கண்டனான், தர்மிகா," என்றார். "வடிவாக் கண்டனான்."