முத்தவ்வாவுக்கு அடுத்த பெயர்

"தேச்சம்மா" என்று அழைத்துவிட்டு உத்தய்யா வாயை மூடிக்கொண்டார்.

அறை வாசலில் நெருக்கியடித்து நின்றவர்கள் எல்லோருக்கும் அந்த இடைவெளி கேட்டது. அதுவரை பெயர்கள் ஜோடி ஜோடியாக வந்துகொண்டிருந்தன. அக்கவ்வா, போப்பய்யா. சின்னவ்வா, மாச்சய்யா. இந்த வீட்டில் பெண்டாட்டியை முதலில் அழைத்துப் புருஷனைப் பிறகு அழைப்பார்கள். உயிரோடிருந்த நாளெல்லாம் கடைசியாகச் சாப்பிட்டவர்கள், செத்த பிறகாவது முதலில் உட்காரட்டும் என்று எந்தக் காலத்திலோ யாரோ வைத்த வழக்கம். தேச்சம்மா உத்தய்யாவின் செத்துப்போன மனைவி. அவளுக்கு அடுத்து வரவேண்டியது உத்தய்யாவின் பெயர். எண்பதைத் தாண்டிய கிழவர் அதைக் கட்டுப்பல்லுக்குப் பின்னால் பிடித்து நிறுத்தினார்.

பின்னால் யாரோ சிரிப்பை அடக்கினார்கள். உத்தய்யா செருமிக்கொண்டு அடுத்த இலைக்கு நகர்ந்தார்.

"முத்தவ்வா" என்றார். "பெள்ளியப்பா. வாங்க. வந்து சாப்பிடுங்க."

பெள்ளியப்பா அவருக்குப் பக்கத்தில் விளக்கைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார்.

விளக்கு ஆடவில்லை. அதை அவரே கவனித்தார். வாசலில் அவருடைய தங்கை பொள்ளவ்வா "ஐயோ, சித்தப்பா" என்று ஆரம்பித்து, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். காரணவர்களை, குடும்பத்தில் செத்துப்போன முன்னோர்களை, அழைத்து முடித்துக் கதவைச் சாத்தும்வரை வேறு பேச்சு கூடாது. அழைத்ததைத் திரும்பப் பெறும் வார்த்தையும் கிடையாது. வந்த விருந்தாளியை வாசலில் வைத்து, உன்னைக் கூப்பிடவில்லை என்று எப்படிச் சொல்வது? உத்தய்யா எதையும் உணர்ந்ததாகத் தெரியவில்லை. மீதிப் பெயர்களைச் சொன்னார். இலைக்கு இலை ரம் ஊற்றினார். பெள்ளியப்பாவின் தோளைப் பிடித்து வெளியே வந்து கதவை இழுத்துச் சாத்தினார்.

உள்ளே ஆளுக்கு ஓர் இலை. ஒவ்வோர் இலையிலும் கடம்புட்டு என்கிற அரிசி உருண்டை ஒன்று, பன்றிக்கறி, மூங்கில் குருத்து. முத்தவ்வாவுக்கு ஓர் இலை இருந்தது. பெள்ளியப்பாவுக்கு இலை இல்லை.

நடுக்கூடத்துக்கு வந்ததும் பொள்ளவ்வா அதைத்தான் முதலில் சொன்னாள்.

"ஆளைக் கூப்பிட்டாச்சு, இலை போடல. நல்ல மரியாதை."

"என்ன சொல்றே?" என்றார் உத்தய்யா.

"எங்க அண்ணன் பேரைச் சொல்லிட்டீங்க சித்தப்பா. செத்தவங்களோட சேர்த்து."

"நான் சொல்லல."

"ஊரே கேட்டுது. உங்க பேரு வர்ற இடத்துல மட்டும் எப்படி பிரேக் பிடிச்சுது? இவன் கிட்ட வர்றப்போ பிரேக் அறுந்துபோச்சா?"

கூடத்தில் சிரிப்பு எழுந்து, எழுந்த வேகத்திலேயே அடங்கியது. உத்தய்யா பெள்ளியப்பாவைப் பார்த்தார். பிறகு சாத்திய கதவைப் பார்த்தார். போய் நாற்காலியில் உட்கார்ந்தார்.

மழை ஓய்ந்து, குடகு முழுக்கப் பனி இறங்கத் தொடங்கியிருந்த மாதம். காரணவர்களுக்கு வருஷா வருஷம் நடக்கும் படையல்தான். ஆனால் இந்த வருஷம் உத்தய்யாவின் பேரன் நாச்சப்பா பெங்களூரிலிருந்து வந்து, குடும்பம் முழுவதும் சேர வேண்டும் என்று கட்டிக்கொடுத்த பெண்களையும் அழைத்திருந்தான். கூடத்துச் சுவர் முழுக்க ஒரு ஃப்ளெக்ஸ் பேனர். அதில் பெரிய மரம். கிளைக்குக் கிளை பெயர்கள். செத்தவர்களுக்குப் பழுப்பு இலை, இருப்பவர்களுக்குப் பச்சை இலை. காலையிலிருந்து அதன்முன்தான் கூட்டம். என் பெயரில் ஒரு எழுத்து விட்டுப்போச்சு, என் மருமகளை ஏன் ஓரத்தில் வைத்தாய் என்று நாச்சப்பாவைக் குடைந்துகொண்டிருந்தார்கள்.

பெள்ளியப்பா யாரும் பார்க்காதபோது அதன் அருகே போனார். தன் இலையைத் தேடிக் கண்டுபிடித்தார். பச்சைதான்.

"பெரியப்பா, பச்சையாத்தான் இருக்கு. நானே போட்டேன்" என்றான் பின்னாலிருந்து நாச்சப்பா. "தாத்தாவுக்கு வயசாச்சு. வாய் தவறிட்டுது. இதுக்கெல்லாம் பயப்படுவாங்களா?"

"யாரு பயந்தா?" என்றார் பெள்ளியப்பா.

பயந்துதான் இருந்தார். ராணுவத்தில் லாரி ஓட்டியவர். லடாக்கில் முன்னால் போன வண்டி பள்ளத்தில் உருண்டதைப் பார்த்துவிட்டு, அதே வளைவில் தன் வண்டியைத் திருப்பியவர். பென்ஷனோடு வந்து, ஆளில்லாமல் கிடந்த இந்த ஐன்மனையில், குடும்பத்துப் பூர்வீக வீட்டில், முத்தவ்வாவோடு குடியேறினார். குடும்பத்தில் மற்றவர்கள் மைசூர், பெங்களூர் என்று வீடு கட்டிக்கொண்டார்கள். பொது வீட்டில் யாராவது ஒருவர் விளக்கேற்ற வேண்டுமே. பிள்ளை இல்லை. முத்தவ்வா கோழி வளர்த்தாள், புருஷனைத் திட்டினாள், ஒருநாள் காப்பி காயப்போட்ட களத்திலேயே உட்கார்ந்தபடி போய்விட்டாள். அதன்பிறகு வருஷத்தில் இந்த ஒரு நாள் அவருக்கு முக்கியம். விளக்கைப் பிடித்துக்கொண்டு அவள் பெயர் வருவதற்காகக் காத்திருப்பார். மாடு மேய்ந்து திரும்பி வந்த மாதிரி மனம் அடங்கும்.

இன்றைக்கு அவள் பெயரை ஒட்டித் தன் பெயரும் வந்தபோது சந்தோஷப்பட்டிருக்க வேண்டாமா? ஆனால் முதலில் வந்தது, நான் வரமாட்டேன் என்பதுதான். மேற்குச் சரிவில் புதிதாக வைத்த மிளகுக்கொடி இன்னும் காய்க்கவில்லை. இருக்க வேண்டும் என்றிருந்தது. தன் பக்கத்தில் உட்காரக் கூப்பிட்டால் வரமாட்டேன் என்கிறாயா என்று முத்தவ்வா கேட்பது போலவும் இருந்தது. வெட்கமாக இருந்தது.

அப்போதுதான் ஏப்பம் வந்தது.

வீட்டில் விளக்கேற்றுகிறவர் காரணவர்கள் சாப்பிட்டு முடிக்கும்வரை பட்டினி. விடிந்ததிலிருந்து பச்சைத் தண்ணீர்கூட அவர் குடிக்கவில்லை. சற்று முன்புவரை வயிறு முதுகோடு ஒட்டிக்கிடந்தது. இப்போது நிறைந்திருந்தது. கல்யாண வீட்டில் இரண்டாம் பந்தியும் உட்கார்ந்து எழுந்தவன் வயிறுபோல. ஏப்பத்தில் பன்றிக்கறியின் புளிப்பு இருந்தது, நாக்கின் அடியில் ரம்மின் இனிப்பு. அவர் கையால் வாயைத் துடைத்துக்கொண்டார். கை சுத்தமாக இருந்தது.

யாரிடமும் சொல்லவில்லை.

கதவைத் திறக்கும் நேரம் வந்ததும் உத்தய்யா எழுந்தார். மூன்று முறை கைதட்டிவிட்டுத் தாழை நீக்கினார். பெள்ளியப்பா விளக்கோடு பின்னால் போனார். இலைகள் வைத்தது வைத்தபடி இருந்தன. கறி ஆறி மேலே கொழுப்பு படிந்திருந்தது. ரம் குறையவில்லை. எல்லா இலையிலும் உருண்டை முழுதாக இருந்தது, முத்தவ்வாவின் இலையைத் தவிர. அங்கே அது இரண்டாகப் பிட்டிருந்தது. ஒரு பாதி அவள் பக்கம். மற்றப் பாதி, இலையின் விளிம்புவரை தள்ளி வைத்திருந்தது.

வேகாத உருண்டை விரியும். வெந்ததுகூட ஆறும்போது வெடிக்கும். ஆனால் தள்ளி வைத்துக்கொள்ளாது. அவள் எப்போதும் அப்படித்தான் செய்வாள். சாப்பிட உட்கார்ந்ததும் கடைசி உருண்டையைப் பிட்டு, பாதியைப் புறங்கையால் அவர் பக்கம் தள்ளுவாள். "எனக்கு வேண்டாம், தின்னு" என்பாள். வேறு யாரும் பார்த்ததில்லை. இந்த வீட்டில் சாப்பிட்டது அவர்கள் இரண்டு பேர்தானே.

"என்ன?" என்றார் உத்தய்யா.

"ஒண்ணுமில்ல சித்தப்பா" என்றார் பெள்ளியப்பா.

முற்றத்தில் பந்தி போட்டார்கள். பெள்ளியப்பா உட்கார்ந்தார். பரிமாறிக்கொண்டு வந்த பெண்கள் அவர் முன்னால் வந்ததும் தயங்கினார்கள். காரணவர்களுக்குப் படைத்ததை இருப்பவர்கள் பங்கிட்டுச் சாப்பிடுவது வழக்கம். இவருக்குப் பங்கு போடுவதா, இவருக்குப் படைத்ததா என்று யாருக்கும் தெரியவில்லை. பொள்ளவ்வாதான் கரண்டியை வாங்கி இலை நிறையப் போட்டாள்.

"தின்னு."

"வயிறு நெறஞ்சிருக்கு."

"என்னத்தத் தின்னு நெறஞ்சுது? காலையில இருந்து பட்டினி கெடக்கறே."

பொள்ளவ்வா அண்ணன் முகத்தைப் பார்த்தாள். கரண்டியைப் பாத்திரத்தில் போட்டுவிட்டு நேராகக் கிழவரிடம் போனாள்.

"சித்தப்பா, நீங்க கட்டின முடிச்சு. நீங்கதான் அவுக்கணும்."

"என்னை என்ன பண்ணச் சொல்றே?"

"ஆம்பளப் புள்ள பொறந்தா ஒரு வெடி போடுவோம்ல? போடுங்க. மறுபடி பொறந்ததா இருக்கட்டும். காரணவங்க காதுல விழட்டும், இது நம்ம வீட்டுப் புள்ள, இப்பத்தான் பொறந்திருக்கு, கூட்டிட்டுப் போகாதீங்கன்னு."

முற்றத்தில் எல்லோருக்கும் மூச்சு வந்தது. "சரியான யோசனை!" "தொட்டில் யாரு வாங்கறது?" "மொதல்ல மீசைய எடுங்கப்பா, இந்தக் கொழந்தை பயமுறுத்துது!" யாரோ பெள்ளியப்பாவின் தலையில் ஒரு குழந்தைக் குல்லாவை வைத்தார்கள். அவரும் சிரித்தார். சாயங்காலம் தேங்காய் சுடும் போட்டிக்காகத் துடைத்து வைத்திருந்த துப்பாக்கியை நாச்சப்பா எடுத்து வந்தான்.

"ஒரு தோட்டாதான்" என்றாள் பொள்ளவ்வா. "ரெண்டு வெடிச்சா சாவு. ஞாபகம் இருக்கட்டும்."

"எனக்குத் தெரியாதா அத்தை?"

பெள்ளியப்பாவே துப்பாக்கியை வாங்கி மடக்கிப் பார்த்தார். இரண்டு குழலும் காலி. ஒன்றில் தன் கையாலேயே ஒரு தோட்டாவைப் போட்டார். கிழவரிடம் கொடுத்தார். உத்தய்யா முற்றத்தின் ஓரத்துக்குப் போய், வானத்தைப் பார்த்துச் சுட்டார்.

காக்கைகள் கிளம்பின. பிள்ளைகள் கைதட்டினார்கள்.

கைதட்டல் ஓய்வதற்குள் இரண்டாவது வெடி கேட்டது.

காப்பித் தோட்டத்துக்கு அப்பால், குடும்பத்து மயானத்தின் பக்கமிருந்து. அதே சத்தம், அதே அளவு. உத்தய்யா கையிலிருந்த துப்பாக்கியைப் பார்த்தார். நாச்சப்பா அதை வாங்கித் திறந்தான். ஒரு குழலில் வெறும் தோட்டாக் கூடு. மற்றது காலி.

"எதிரொலி" என்றான் நாச்சப்பா.

"ஆமா, எதிரொலி."

"யானை வெரட்டறவன் எவனாவது சுட்டிருப்பான்."

பெள்ளியப்பா மயானத்தின் பக்கம் பார்த்தார். அந்த முற்றத்தில் எத்தனையோ முறை சுட்டிருக்கிறார். முத்தவ்வாவுக்கு இரண்டு வெடி போட்டதும் அங்கிருந்துதான். அந்தப் பக்கம் மலை இல்லை. சரிந்து இறங்கும் பள்ளம். எதிரொலி வந்ததே இல்லை. குல்லாவைக் கழற்றிப் பையில் வைத்துக்கொண்டார்.

பந்தி எடுத்து முடிவதற்குள் வெள்ளை உடுத்தியவர்கள் வரத் தொடங்கினார்கள். முதலில் அடுத்த தோட்டத்துக் கரும்பய்யாவும் அவர் மனைவியும். பின்னால் வயல் வரப்பில் வரிசையாக இன்னும் பலர், பனிக்குள்ளிருந்து ஒவ்வொருவராக. இரண்டு வெடி கேட்டால் கையிலிருக்கும் வேலையைப் போட்டுவிட்டு வெள்ளையைக் கட்டிக்கொண்டு வருவதுதானே மரியாதை. கரும்பய்யா வாசலில் நின்று பட்டுப்புடவைகளையும் பேனரையும் பார்த்தார். பிறகு பெள்ளியப்பாவைப் பார்த்தார். பார்வை அவர்மேலேயே நின்றது.

"நீ இருக்கே" என்றார்.

"இருக்கேன்."

"உன்னைத்தான் நெனச்சோம். இந்த வீட்டுல தனியா இருக்கறவன் நீதானே." பிறகு மெதுவாக, "அப்ப யாரு?"

"யாருமில்ல. உக்காருங்க."

"ரெண்டு வெடி கேட்டுதே."

"ஒண்ணுதான் போட்டோம்."

"ரெண்டு கேட்டுது" என்றார் கரும்பய்யா.

வந்தவர்களை வெறும் வயிற்றோடு அனுப்ப முடியாது. இலை போட்டார்கள். வெள்ளை உடுத்தியவர்கள் முற்றத்தில் வரிசையாக உட்கார்ந்து, பேசாமல் பன்றிக்கறி சாப்பிட்டார்கள். எதிரே நாற்காலியில் பெள்ளியப்பா உட்கார்ந்திருந்தார். போகும்போது ஒவ்வொருவரும் அவர் முன்னால் ஒரு நொடி நின்றுவிட்டுப் போனார்கள். அவர்களுக்கே தெரியாமல் கால் நின்றது. தேங்காய் சுடும் போட்டி நடக்கவில்லை. இருட்டுவதற்குள் வண்டிகள் கிளம்பின. உத்தய்யாவைக் கைத்தாங்கலாகக் காரில் ஏற்றும்போது அவர் பெள்ளியப்பாவின் மணிக்கட்டைப் பிடித்தார்.

"தேச்சம்மா பேரைச் சொல்லிட்டு என் பேரை முழுங்கினேன். முழுங்கினது அடுத்த வாய்ல வந்துட்டுதுடா."

"பரவாயில்ல சித்தப்பா. போய்ப் படுங்க."

மறுநாள் காலையில் பெள்ளியப்பா விளக்கேற்றினார். முற்றத்தைப் பெருக்கினார். பேனர் ஒரு பக்கம் அவிழ்ந்து தொங்கியது. அதைக் கழற்றிச் சுருட்டி வைத்தார். பொள்ளவ்வா எடுத்து வைத்துவிட்டுப் போன அரிசி ரொட்டியைக் கோழிகளுக்குப் போட்டார். நாச்சப்பா போன் செய்தான். தாத்தா காப்பி கேட்டாராம். கொண்டுவந்து பார்த்தால் போயிருந்தாராம். ஐன்மனையிலும் வெடி போட வேண்டும் என்றான். பெள்ளியப்பா இரண்டு குழலிலும் தோட்டா போட்டு, முற்றத்தின் ஓரத்தில் நின்று, அடுத்தடுத்துச் சுட்டார். இரண்டு வெடிதான் கேட்டது. கொஞ்ச நேரம் நின்று பார்த்தார். யாரும் வரவில்லை. வெள்ளையைக் கட்டிக்கொண்டு வரப்பில் இறங்கி வீடு வீடாகப் போய்ச் சொன்னார். கரும்பய்யா பல் துலக்கிக்கொண்டே, "இன்னிக்கு யாரு பொறந்தா?" என்று கேட்டார். விஷயத்தைச் சொன்னதும் வாயைக் கொப்பளித்துவிட்டு உள்ளே போய் வேட்டி மாற்றினார். இருவரும் பத்து மணி பஸ்ஸில் விராஜ்பேட்டையிலிருந்த உத்தய்யாவின் வீட்டுக்குப் புறப்பட்டார்கள். பஸ்ஸை விட்டு இறங்கும்போது பெள்ளியப்பாவுக்குப் பசித்தது. சாவு வீட்டுக்குப் போகும் வழி என்று கரும்பய்யா தயங்கினார். பெள்ளியப்பா பெட்டிக்கடையில் வாழைப்பழம் வாங்கி நின்றபடியே தின்றார். முதல் பழத்தைப் பிட்டுப் பாதியைக் கரும்பய்யாவிடம் நீட்டினார். அவர் வேண்டாம் என்றார். அதையும் தின்றார்.