மதினியின் ஜன்னலுக்கு அண்ணாச்சி தேர்ந்தெடுத்த செடிகள்

எங்கள் அண்ணாச்சி மறைந்து ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் உறவினர்களும் நண்பர்களும் அவர்களுடைய நல்ல குணங்களை நன்றாகவே அறிவீர்கள். நான் எழுதப்போவது உங்களில் பலருக்குத் தெரியாத ஒன்று. உடன்பிறந்த தங்கை என்ற முறையில் அதைச் சொல்லும் கடமை எனக்கு இருக்கிறது.

அண்ணாச்சி சுந்தரபாண்டியபுரத்தில் பிறந்தார்கள். அப்பா தவறியபோது அவர்களுக்கு வயது பதினாறு. படிப்பை நிறுத்திவிட்டுத் தென்காசியில் ஓர் அலுவலகத்தில் குமாஸ்தாவாகச் சேர்ந்தார்கள். என்னைக் கட்டிக்கொடுத்த பிறகே தாம் மணம் செய்துகொண்டார்கள். என் கணவர் வியாபாரத்துக்காகக் கொழும்பில் தங்கிவிட்டதால் நானும் என் மகளும் அண்ணாச்சி வீட்டிலேயே இருந்தோம். ஒரு நாளும் அது எனக்கு அடுத்தவர் வீடாகத் தோன்றியதில்லை. பின்னால் நான் செய்த தவறுக்கு அதுவும் ஒரு காரணம்.

அண்ணாச்சியின் மனைவி, என் மதினிக்குக் குழந்தை இல்லை. கல்யாணமாகி நான்காம் வருடம் வந்த காய்ச்சல் கால்கள் இரண்டையும் முடக்கிவிட்டது. அதற்கு முன்பெல்லாம் சாரல் முடிந்து கூட்டம் கலைந்தபின், ஐப்பசியில்தான் குற்றாலத்துக்குப் போகவேண்டும் என்று மதினி சொல்வார்கள். மலையடிவாரம் அப்போதுதான் நிறம் மாறும். படுக்கையில் விழுந்த பிறகு ஒரு நாள், “இப்போ அங்கன என்னெல்லாம் பூத்திருக்கும்?” என்று கேட்டார்கள்.  அடுத்த ஞாயிற்றுக்கிழமை அண்ணாச்சி சைக்கிளை எடுத்துக்கொண்டு ஐந்தருவிப் பாதை முழுவதும் பார்த்துவிட்டு வந்தார்கள்.

முதல் வருடம் கொல்லையில், மதினியின் ஜன்னலுக்கு வெளியே காசித்தும்பை விதைத்தார்கள். நன்றாகப் பூத்தது. ஆனால் மதினி கட்டிலில் படுத்தபடி பார்த்தால் ஜன்னல் கட்டை மறைத்தது. அண்ணாச்சி அந்தக் கட்டிலில் தாமே படுத்துப் பார்த்தார்கள். அடுத்து ஆவாரை வைத்தார்கள். நுனி மட்டும் தெரிந்தது. அலுவலக நண்பர் ஒருவர் குரோட்டன்ஸ் தொட்டி ஒன்றைக் கொண்டுவந்தபோது, “இது வருசம் பூரா ஒரே நிறம்லா. மழை வந்தது இதுக்குத் தெரியாதே” என்று சிரித்துக்கொண்டே திருப்பிக் கொடுத்துவிட்டார்கள்.

மூன்றாம் வருடம் இலஞ்சியில் ஒரு விவசாயியிடம் கேட்டு, வேலியோரம் கிடந்த, செங்காந்தள் என்று சொல்லும் கண்வலிக் கிழங்குகளை வாங்கி வந்து நட்டார்கள். மூங்கில் தட்டியில் கொடி ஏறியது. ஐப்பசியில் பச்சையாக விரிந்த பூ, மஞ்சளாகி, நெருப்புப் போலச் சிவந்தது. படுத்தபடியே மதினிக்கு அது முழுவதும் தெரிந்தது. காலையில் காபி கொண்டுபோனால், “நேத்து மஞ்சளா இருந்தது ரெண்டும் இன்னைக்குச் செவந்துட்டு” என்பார்கள். ஆறு ஐப்பசிகள் அப்படிப் போயின.

ஏழாம் வருடம் என் மகளுக்குத் திருமணம் நிச்சயமாயிற்று. செலவும் அலைச்சலும் அண்ணாச்சியுடையதே. வாசுதேவநல்லூரிலிருந்து வீடு பார்க்க வந்த மாப்பிள்ளையின் அத்தை கொல்லைப்பக்கம் எட்டிப் பார்த்துவிட்டு, “கல்யாண வீட்டுல கண்வலிக் கிழங்கா? வீட்டுக்குள்ள சண்டைதான் வரும்” என்றார்கள். எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. மறுநாள் அண்ணாச்சி வேலையாக ஆலங்குளம் போயிருந்தார்கள். கூலிக்கு ஆள் பிடித்துக் கொடியைப் பிடுங்கச் சொன்னேன்.

“அவுக வந்துரட்டுமே. ஒரு நாளுதானே” என்று ஜன்னலுக்குள்ளிருந்து மதினி சொன்னார்கள். “நான் படுத்துக் கெடந்து பாக்கது அது ஒண்ணுதான்.”

“எம்மவ வாழ்க்கை ஒங்களுக்குப் பூவைவிடக் குறைச்சலா மதினி?” என்று கேட்டேன். கூலியாளிடம் கிழங்கையும் தோண்டி எரிக்கச் சொன்னேன்.

சாயங்காலம் அண்ணாச்சி வந்தார்கள். வெறுந்தட்டியின் கீழே கிளறிக் கிடந்த மண்ணைக் காலால் தள்ளிப் பார்த்தார்கள்.

“ஏட்டி, கிழங்கையுமா தோண்டிட்ட?”

“ஆமாண்ணே. எரிச்சாச்சு.”

“சரி. கையை நல்லாக் கழுவு. அதுல விஷம் உண்டு.”

அவ்வளவுதான். திருமணத்தை ஒரு குறையுமின்றி நடத்திக் கொடுத்தார்கள். தட்டியில் வேறெதையும் ஏற்றவில்லை. அடுத்த புரட்டாசியில் மதினி காலமானார்கள். காரியம் முடிந்த அன்று, “அண்ணே, அந்தக் கொடிய நான்...” என்று தொடங்கினேன். “விடுட்டி. பிள்ளை நல்லா இருக்காள்லா?” என்று முடித்துவிட்டார்கள். எனக்கு அது வசதியாயிற்று. அதன்பின் எட்டு வருடம் ஒரே வீட்டில் அவர்களுக்குச் சோறு போட்டேன். கடைசி மூன்று மாதம் கூடவே இருந்து பார்த்துக்கொண்டேன். அந்தப் பேச்சை மட்டும் எடுக்கவில்லை.

நோயுற்ற நாட்களில் தினமும் வந்து பார்த்த டாக்டருக்கும், தூக்கிவைக்கவும் சாய்க்கவும் கூப்பிடுமுன் வந்த பக்கத்து வீட்டுப் பாய் குடும்பத்தாருக்கும், இறுதிவரை மறவாத அலுவலக நண்பர்களுக்கும் எங்கள் நெஞ்சார்ந்த நன்றி. “அண்ணனை இப்படிப் பார்த்துக்கொண்ட தங்கை உண்டா” என்று உங்களில் பலர் என்னிடம் சொன்னீர்கள். நான் தலையாட்டிக் கேட்டுக்கொண்டேன். இனி அப்படிச் சொல்லாதீர்கள். அவர்கள் இருவரிடமும் நேரில் கேட்டிருக்க வேண்டிய மன்னிப்பை, உங்கள் எல்லோர் முன்னிலையிலும் இப்போது கேட்கிறேன்.