இராகுகாலத்தில் ஸ்கீ பழகிய யோகராணி

நாள்தோறும் ஒன்றரை மணி நேரம் உங்களை வீட்டுக்குள் மறித்து வைக்க இராகுவுக்கு யார் அதிகாரம் கொடுத்தது? சிரிக்காமல் பதில் சொல்லுங்கள். முடியாவிட்டால் யோகராணியின் கதையைக் கேளுங்கள்.

யோகராணிக்கு அப்போது முப்பத்தெட்டு வயது. கிளேட்டனில், பல்கலைக்கழக ஆய்வுகூடத்தில் மண் மாதிரிகளை நிறுத்து அளக்கும் வேலை. 1978 குளிர்காலத்தில் அங்குள்ள ஸ்கீ கிளப், பனியில் சறுக்கப் புதிதாகப் பழகுவோருக்கு வகுப்பு நடத்துவதாக அறிவித்தல் ஒட்டியது. யோகராணி தன் பெயரை எழுதிவிட்டு வந்தார். பனியை அதுவரை அவர் கண்டது குளிர்சாதனப் பெட்டியின் மேல்தட்டில் மட்டும்தான்.

ஆறு புதன்கிழமைப் பின்னேரங்கள், உடற்பயிற்சி மண்டபத்தில். பனிக்குப் பதில் பழைய கம்பளம். முதல் மூன்று வாரமும் விழப் பழக்கினார்கள். அடுத்த மூன்று வாரமும் எழும்பப் பழக்கினார்கள். வீட்டுக் குசினியில் யோகராணி முழங்காலை மடித்து, கால்விரல்களை உள்ளே திருப்பி, குதிகளை அகட்டிக்கொண்டு நிற்பதைக் கணவர் கணேசலிங்கம் பார்த்தார்.

"உதென்ன, சப்பாத்து கடிக்குதோ?"

"இது பிறேக். ஓடத் தெரியாதவை சிரிக்கப்படாது."

பூமியின் தென்பாதி நாடு என்பதால் அங்கே ஆகஸ்ட் நடுக்குளிர். அந்த விடுமுறைக்கு மலையடிவாரத்தில் ஒரு வீடு வாடகைக்கு எடுத்தார்கள். கணேசலிங்கத்தின் அக்கா கல்யாணியும் அவருடைய கணவர் வரதராஜாவும் கூட வந்தார்கள். வரதராஜா எஞ்சினியர். பாலம் எத்தனை தொன் தாங்கும் என்று கணக்குப் போடுபவர். அவருடைய பெட்டியில் கம்பளிச் சட்டைக்கு மேலே பஞ்சாங்கம் இருந்தது.

சனிக்கிழமை மலைமேல் பத்தரைக்கு வகுப்பு. போக ஒரு மணி நேரத்துக்கு மேல் செல்லும்; ஒன்பதுக்கு வெளிக்கிட்டால்தான் சரி. அந்த வார இறுதியில் அந்த ஒரு வகுப்புத்தான். அதில் தேறியவர்களை மட்டுமே ஞாயிற்றுக்கிழமை கிளப் தோழிகள் மேல் சரிவுக்குக் கூட்டிப் போவார்கள். மற்றவர்கள் கீழே நின்று கோப்பி குடிக்கலாம்.

எட்டரைக்கு வரதராஜா பஞ்சாங்கத்தை விரித்தார்.

"ஒன்பது தொடக்கம் பத்தரை இராகுகாலம். பிறகு ஆறுதலா வெளிக்கிடுவம். காலில கட்டையைக் கட்டிக்கொண்டு மலையால இறங்கிற காரியம் பாருங்கோ."

"அண்ணை, உது எந்த ஊர்ச் சூரியனுக்குக் கணிச்சது?" என்றார் யோகராணி.

"யாழ்ப்பாணத்துக்கு."

"அங்க இப்ப விடியப்புறம் நாலு மணி. அங்க ஒன்பதாகேக்க இங்க பகல் ஒண்டரை. அதுக்குள்ள நான் சறுக்கிப்போட்டு வந்து சாப்பிட்டிடுவன்."

"இராகு நாங்கள் நிக்கிற ஊர் நேரத்துக்குத்தான் வருவார்."

"சரி. பகலை எட்டாப் பிரிச்சு, சனிக்கிழமை எண்டால் மூண்டாம் பங்கு. அதுதானே கணக்கு?"

"ஓம்."

யோகராணி பாண் சுற்றி வந்த கடதாசியில் எழுதினார். "இங்க சூரியன் ஏழுக்கு எழும்பி ஐஞ்சு நாப்பதுக்குப் படுக்குது. ஒரு பங்கு எண்பது நிமிசம். மூண்டாம் பங்கு ஒன்பது நாப்பதுக்குத்தான் தொடங்குது. ஒன்பதுக்கு வெளிக்கிட்டால் இராகு எங்களைப் பிடிக்கேலாது."

வரதராஜா கடதாசியை வாங்கி இரண்டு தரம் சரிபார்த்தார். முகம் மலர்ந்தது.

"கணக்குச் சரி. அப்ப வகுப்பு நட்டநடு இராகுகாலத்தில எல்லோ தொடங்குது?"

கணேசலிங்கம் சிரித்துவிட்டு, மனைவியின் முகத்தைப் பார்த்ததும் நிறுத்தினார்.

"போன வருசம் உங்களுக்கு வேலைக்கு இன்ரவியூ எண்டைக்கு, அண்ணை?" என்று யோகராணி கேட்டார்.

"திங்கட்கிழமை."

"எத்தினை மணிக்கு?"

வரதராஜாவுக்கு ஞாபகம் வரவில்லை. பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த கல்யாணிக்கு வந்தது. "எட்டு மணிக்கு. நான்தானே விடிய எழும்பி இஸ்திரிப்பெட்டியால சேட் மினுக்கித் தந்தனான். திங்கள் ஏழரையிலயிருந்து ஒன்பது இராகுகாலமப்பா."

"அது வெள்ளைக்காரன் தந்த நேரம். நாங்கள் என்ன செய்யிறது?"

"இதுவும் அவன் தந்த நேரம்தான்," என்று யோகராணி சப்பாத்தை மாட்டினார்.

சம்பளம் வருகிற வாசலில் இராகு நிற்பதில்லை. ஒரு பெண் தன் ஆசைக்கு என்று வெளிக்கிடும்போது மட்டும் குறுக்கே படுத்துக்கொள்கிறார். இது என்ன கிரகம்?

ஒன்பது ஐந்துக்குக் கணேசலிங்கத்தின் கார் புறப்பட்டது. ஈரக் கையைத் துடைத்தபடி ஓடி வந்து கல்யாணியும் ஏறிக்கொண்டார். வரதராஜா சுபவேளை பார்த்துத் தன் காரில் தனியாக வந்து சேரும்போது பன்னிரண்டாகிவிட்டது.

அவர் வந்த நேரம் யோகராணி மல்லாக்கக் கிடந்தார்.

"ஏழாந்தரம்," என்றார் கல்யாணி.

"சொன்னனான்தானே!"

"அந்தச் சிவப்புத் தொப்பிக்காரரும் ஏழுதரம் விழுந்தவர். அந்தப் பெடிச்சி ஒன்பதுதரம். அவைக்கும் சொன்னனீங்களோ?"

வகுப்பில் பத்துப் பேர். அவர்களில் ஒன்பது பேர் இராகுவின் பெயரையே கேள்விப்படாதவர்கள். அவர்களைத் தள்ளிவிட்டது யார்?

கடைசியில் சோதனை. மேலே கொடியிலிருந்து கீழே வேலி வரை விழாமல் வந்து, தானாக நிற்க வேண்டும். யோகராணி புறப்பட்டார். பாதிவழியில் வேகம் பிடித்துவிட்டது. கம்பளம் இப்படி ஓடியதே இல்லை. காற்று காதைப் பிய்த்தது. பயிற்றுநர் ஏதோ கத்தினார். முழங்கால் மடிந்தது, விரல்கள் உள்ளே, குதிகள் வெளியே. பனி சீறிக்கொண்டு பறந்தது. வேலிக்கு ஒரு முழம் இருக்க நின்றுவிட்டார். வேலிக்கு அப்பால் நின்ற வரதராஜாதான் ஒரே பாய்ச்சலில் நாலு அடி பின்னால் போயிருந்தார்.

பயிற்றுநர் ஞாயிற்றுக்கிழமைப் பட்டியலில் யோகராணியின் பெயரை எழுதினார்.

"மச்சாள், அந்தப் புதன்கிழமை வகுப்பில என்னையும் சேர்ப்பினமோ?" என்று கல்யாணி மெதுவாகக் கேட்டார்.

எல்லாரும் வரதராஜாவைப் பார்த்தார்கள். அவர் தொண்டையைச் செருமினார். "புதன் பன்னிரண்டிலயிருந்து ஒண்டரை மட்டும்தானே. பின்னேரம் பிழையில்லை."

மறுநாள் யோகராணி மேல் சரிவுக்குப் போனார். நாலுதரம் விழுந்தார். நாலும் பஞ்சாங்கப்படி நல்ல நேரம்.

உங்கள் வீட்டிலும் ஒருவர் நீச்சலோ, கார் ஓட்டமோ, வேறு எதுவோ பழக ஆசைப்பட்டுப் பாத்திரம் கழுவிக்கொண்டு இருப்பார். எழுந்து போய் என்னவென்று கேளுங்கள். பாத்திரத்தை நீங்கள் வாங்கிக் கழுவுங்கள். அவர் இன்றைக்கே போய்த் தன் பெயரைக் கொடுத்துவிட்டு வரட்டும்.