படிவத்தில் ஏறாத தாழ்ப்பாள்

‘நெசசிட்டி’ என்ற சொல்லை யார் சொன்னாலும் எனக்கு இன்றைக்கும் ஆத்திரம் வருகிறது. தொழுதுவிட்டு எழுந்த வாயால் இப்படிப் பேசக் கூடாதுதான், அல்லாஹ் மன்னிக்கட்டும்.

தாமிரபரணி எங்கள் தெருவுக்குள் வந்த வருஷம் நான் ஏழாம் வகுப்பு. வாப்பா சவுதியில். உம்மாவும் நானும் தெருக்காரர்களோடு ஒரு பள்ளிக்கூடத்தில் தங்கினோம். மறுநாள் ஓர் அதிகாரி வந்து குடும்பத்துக்கு ஒரு படிவம் கொடுத்தார். எல்லாம் இங்கிலீஷ். நடுவில் பெரிய கட்டம். அதன் தலையில் ‘நெசசிட்டீஸ்’ என்று இருந்தது.

உம்மா என் காதோடு சொன்னாள்: “மொதல்ல தாப்பாள்னு எழுதுளா. கக்கூஸ் கதவுக்குத் தாப்பாளே இல்ல. வெளிய ஆம்பளையளா நிக்காவ.”

எனக்குச் சிரிப்பு வந்தது. டீச்சர் அர்த்தம் சொல்லித் தந்திருந்தார்: எது இல்லாவிட்டால் உயிர் வாழ முடியாதோ, அது. ஒன்றென்றால் நெசசிட்டி, பலவென்றால் நெசசிட்டீஸ். உணவு, உடை, உறைவிடம். பரீட்சையில் முழு மார்க் வாங்கியவள் நான்.

“தாப்பாள் இல்லேன்னா செத்தா போவாவ? அது இதுல வராதும்மா.”

“எழுதுனா கையா தேயும்? எழுதுளா.”

அதிகாரி காதில் விழுந்துவிட்டது. “ஊரே முங்கிக் கெடக்கு, ஒங்களுக்குத் தாப்பாள் கேக்குதோ? அடுத்து நிலைக்கண்ணாடி கேப்பிய போல!”

சுற்றி நின்ற ஆண்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அதை நினைத்தால் என்னை நானே அறையலாம் போலிருக்கிறது. உம்மா முக்காட்டை இழுத்துவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அரிசி, பருப்பு, போர்வை, தண்ணீர் என்று பிழையில்லாமல் எழுதிக் கொடுத்தேன். “கெட்டிக்காரி” என்றார் அதிகாரி. எழுதியதெல்லாம் ஒரு பெரிய வண்டியில் வந்தது. உம்மா கேட்டது ஒரு தாழ்ப்பாள், அதற்கு நாலு திருகாணி. அவ்வளவு பெரிய வண்டியில் அதற்கு இடமில்லாமலா போயிற்று?

அங்கிருந்த நாலு நாளும் உம்மா பகலில் ஒரு மடக்குத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. இருட்டிய பிறகே குடித்தாள்; கக்கூஸுக்கும் அப்போதுதான் போனாள். கேட்டால், “நோன்புளா” என்பாள். பொய் சொல்கிறவள் இல்லை. நோன்பென்று மனதில் உறுதி சொல்லி, நிய்யத் வைத்தே இருந்திருப்பாள். ரமலான் வர மாதங்கள் கிடக்க இப்படி ஒரு வணக்கமா என்று எனக்குப் பெருமை தாங்கவில்லை. பக்கத்துப் பாய்களில் இருந்த மாமிகளிடம் போய்ச் சொன்னேன். அவர்களும் நோன்பு என்றார்கள்.

எங்கள் தெருப் பெண்களுக்குத்தான் எவ்வளவு ஈமான், அல்லாஹ் மேல் எவ்வளவு நம்பிக்கை என்று நினைத்துக்கொண்டு, அவர்கள் பங்குத் தண்ணீரையும் நானே குடித்தேன்.